டொன் ஆற்றங்கரை: வீடுகள் கடைசியாக வந்த குடியிருப்பு

1989ஆம் ஆண்டு ரொறன்ரோவுக்கு வந்து இறங்கினேன். அந்நாட்களில் வந்த எங்களவர்கள் பலரைப் போல எனக்கும் முதல் முகவரி சென். ஜேம்ஸ் ரவுன் மாடிக் கட்டடங்களில் ஒன்றுதான். இரண்டு அறை வீட்டில் ஏழு பேர். பிரன்ற் வீதியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. இரவு வேலை முடிந்ததும் பஸ் காசை மிச்சம் பிடிக்க பார்லிமென்ற் வீதி வழியே வடக்கு நோக்கி நடந்து வருவேன். அந்த வீதிக்குக் கிழக்கே டொன் ஆறு வரை பழைய ஆலைகள், களஞ்சியங்கள், ரயில் பாதைகள், இரும்புக் குவியல்கள். சில வருடங்களுக்குள் அவற்றில் பலவற்றை இடித்து வேலி அடைத்தார்கள். அதன் பிறகு அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

ஐயா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1990இல் ஊரோடு இடம்பெயர்ந்து மானிப்பாயில் இருந்தார். இந்த வெறும் காணியைப் பற்றி அவருக்கு ஒருமுறை எழுதினேன். பதிலில் ஒரு வரி கேட்டிருந்தார்: "சண்டை இல்லாத ஊரிலையும் காணி சும்மா கிடக்குமோ?"

அந்தக் காணியில் இன்று ஆயிரக்கணக்கானோர் வசிக்கிறார்கள். பிள்ளைகள் நடந்து பூங்காவுக்குப் போகிறார்கள். வாசலில் ஸ்றீற்கார் நிற்கிறது. இந்த நகரத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில், அந்த மாற்றம் எந்த ஒழுங்கில் நடந்தது என்பதை எழுதிவைக்க நினைக்கிறேன். எங்கள் ஊர்களிலும் மூடிய தொழிற்சாலைக் காணிகள் இருக்கின்றன. அவற்றின் எதிர்காலம் பற்றிய பேச்சு வரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது.

ஆறு தொழிற்சாலைக் கரையானது

மேற்கு டொன் நிலம் என்று அழைக்கப்படும் இந்தப் பகுதி சுமார் 80 ஏக்கர். கிழக்கே டொன் ஆறு, மேற்கே பார்லிமென்ற் வீதி, தெற்கே ரயில் பாதைகள். 1832இல் குடறாம் அன்ட் வேட்ஸ் நிறுவனம் இதனருகே மாவு ஆலை ஒன்றைத் தொடங்கியது. பின்னர் அதுவே மிகப் பெரிய மதுபான வடிசாலையாக வளர்ந்தது. அதற்குக் கிழக்கே பன்றி இறைச்சியைப் பதப்படுத்தும் வில்லியம் டேவிஸ் தொழிற்சாலை இருந்தது. ரொறன்ரோவுக்கு 'ஹொக்ரவுன்' என்ற பட்டப்பெயர் வந்ததற்கு அந்தத் தொழிலையே பலர் காரணமாகச் சொல்வார்கள்.

ஆறும் தப்பவில்லை. வளைந்து ஓடிய டொன்னின் கீழ்ப்பகுதியை 1886 முதல் வெட்டி நேராக்கினார்கள். ரயிலுக்கும் ஆலைகளுக்கும் இடம் தேவைப்பட்டது. ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில் ஆஷ்பிரிட்ஜஸ் குடா என்ற பெரிய சதுப்புநிலம் இருந்தது. 1912இன் பின்னர் அதையும் மண் நிரப்பித் துறைமுகக் கைத்தொழில் நிலமாக்கினார்கள். ஏரிக்கு அருகே வந்ததும் ஆறு கிட்டத்தட்ட செங்கோணத்தில் திரும்பி, கொங்கிறீட் கட்டிய ஒரு கால்வாய்க்குள் போகும்படி ஆயிற்று. கழிவுநீரும் ஆலைக் கழிவும் அதில்தான் சேர்ந்தன. 1969இல் 'பொலூஷன் புரோப்' என்ற அமைப்பைச் சேர்ந்த மாணவர்கள் டொன் ஆற்றுக்கு மரணச் சடங்கே நடத்தினார்கள். சவப்பெட்டியோடு ஊர்வலம் போனார்கள்.

வெள்ளம் போட்ட சட்டம்

1954 ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி ரொறன்ரோவைத் தாக்கியது. 81 பேர் இறந்தார்கள். மேற்கே ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அதன் பின்னர் வெள்ளச் சமவெளிகளில் வீடு கட்டுவதை ஒன்ராறியோ மாகாணம் கட்டுப்படுத்தியது. இந்தப் பகுதியில் ஒரு கட்டடத்துக்கு அனுமதி கேட்டால், ஹேசல் அளவு மழை பெய்தால் அந்த இடம் நீருக்குள் போகுமா என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லியாக வேண்டும்.

மேற்கு டொன் நிலம் நீருக்குள் போகும் இடம். ஆற்றை நேராக்கிச் செங்கோணத்தில் திருப்பிய பழைய வேலையின் விளைவும் அது. ஆலை இருந்த காலத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. மனிதர் படுத்து உறங்கும் இடமாக மாற்ற முற்பட்டபோதுதான் அது முதல் கேள்வியாக வந்து நின்றது.

முதல் முயற்சியின் தோல்வி

1980களின் இறுதியில் ரொறன்ரோவில் வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போனது. ஏழு பேர் ஒரு வீட்டில் இருந்த எங்களுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1988இல் மாநகரசபையும் மாகாண அரசும் சேர்ந்து இந்த நிலத்தில் ஏறக்குறைய 7,000 வீடுகள் கட்டும் திட்டத்தை அறிவித்தன. சுமார் 14,000 பேர் குடியிருப்பார்கள் என்றார்கள். திட்டத்துக்கு 'அற்றராதிரி' என்று பெயர். இந்த மண்ணின் ஆதிக்குடிகளில் ஒன்றான ஹியூரன்-வென்டாற் மக்களின் மொழிச் சொல் அது.

நிலம் தனியார் கையில் இருந்ததால் அரசு அதைச் சுவீகரித்தது. இயங்கிக்கொண்டிருந்த தொழில்கள் வெளியேற வேண்டி வந்தது. ஆனால் ஒன்ராறியோவின் சுவீகரிப்புச் சட்டப்படி உரிமையாளருக்கு நிலத்தின் சந்தைப் பெறுமதி மட்டும் போதாது. இடம்பெயர்வதால் வரும் செலவையும் இழப்பையும் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு மட்டுமே பெரிய தொகையானது.

பிறகு மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். நூறு வருட ஆலைக் கழிவு, எண்ணெய், கன உலோகங்கள். வெள்ளத் தடுப்புக்குத் தனிச் செலவு. அதே நேரத்தில் காணி விலை சரிந்தது. 1992இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதற்குள் 300 மில்லியன் டொலருக்கும் மேல் செலவாகியிருந்தது. ஒரு வீடுகூடக் கட்டப்படவில்லை. நான் இரவில் கடந்து வந்த இருட்டும் வேலியும் அந்தத் தோல்வியின் மிச்சம்தான்.

மக்களுக்கு வீடு என்று சொல்லி நிலத்தை எடுத்து, ஆட்களை எழுப்பி, கட்டடங்களை இடித்து, பிறகு வெறுமையாக விடுவது ஒரு பணக்கார நாட்டிலும் நடந்தது. காரணம் கெட்ட எண்ணம் அல்ல. வீட்டு எண்ணிக்கையை முதலில் அறிவித்தார்கள், நிலத்தைப் பின்னர்தான் அறிந்தார்கள்.

மண்ணும் நீரும் முதலில்

2001இல் மத்திய அரசு, மாகாணம், மாநகரம் மூன்றும் சேர்ந்து ஏரிக்கரை முழுவதற்குமான ஒரு பொது நிறுவனத்தை உருவாக்கின. அதுதான் இன்றைய 'வோட்டர்பிரன்ற் ரொறன்ரோ'. மூன்று அரசுகளும் ஒரே மேசையில் இருந்ததால், ஒன்று மாறினாலும் திட்டம் அடியோடு விழவில்லை.

இந்த முறை வேலை தலைகீழாகத் தொடங்கியது. ஆற்றின் மேற்குக் கரை நெடுகிலும், நடுவில் களிமண் வைத்து ஓர் அகன்ற மண் மேட்டை எழுப்பினார்கள். ஹேசல் அளவு வெள்ளம் வந்தாலும் அது மேற்கே போகாமல் தடுப்பதே நோக்கம். குடியிருப்பு மட்டுமல்ல, வங்கிகள் நிற்கும் நகர மையம் உட்பட சுமார் 210 ஹெக்டயர் நிலத்தை அந்த மேடு காக்கிறது. ஒரு பக்கம் தடுத்தால் நீர் இன்னொரு பக்கம் போகும் அல்லவா? அதனால் தெற்கே ஆற்றைக் கடக்கும் ரயில் பாலத்தின் அடியில் நீர் செல்லும் வழியையும் அகலமாக்கினார்கள்.

மேட்டின் மேல் 18 ஏக்கரில் 'கோர்க்ரவுன் கொமன்' பூங்காவை அமைத்தார்கள். ஆற்றுப் பக்கச் சரிவில் உள்ளூர் மரங்கள். குடியிருப்புப் பக்கத்தில் புல்வெளி, சிறுவர் விளையாடும் இடம், மழைநீரைச் சேர்த்துத் திரும்பப் பயன்படுத்தும் ஒரு சிறு சதுப்பு. 2013 யூலையில் பூங்கா திறக்கப்பட்டது. அதே மாதம் 8ஆம் திகதி பெய்த பெருமழையில் டொன் பள்ளத்தாக்கில் சுமார் 1,400 பயணிகளோடு ஒரு ரயில் நீருக்குள் நின்றுவிட்டது. பொலிஸ் படகுகளில் ஆட்களை ஏற்றி இறக்கினார்கள். மேடு எதற்கு என்று கேட்டவர்களுக்கு அன்று பதில் கிடைத்தது.

மண் விடயத்திலும் ஒரு சட்டம் காவல் இருக்கிறது. ஒன்ராறியோவில் தொழிற்சாலை நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற வேண்டுமானால், தகுதி பெற்ற ஒருவர் மண்ணையும் நிலத்தடி நீரையும் பரிசோதித்து, நிலத்தின் நிலை பற்றிய பதிவை மாகாணச் சுற்றாடல் அமைச்சில் சேர்க்க வேண்டும். அந்தப் பதிவு பொதுமக்கள் பார்க்கக்கூடியது. மாசு கூடிய மண்ணை அகற்றுவார்கள். அல்லது ஆபத்தை மதிப்பிட்டு, மேலே சுத்தமான மண் போட்டு மூடுவார்கள். எதைச் செய்தாலும் அது எழுத்தில் இருக்கும்.

நடக்கக்கூடிய ஊர் என்றால் என்ன

குடியிருப்பு எழ ஒரு காலக்கெடு உதவியது. 2015 யூலையில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டு விழாவுக்கு வந்த விளையாட்டு வீரர்கள், அதிகாரிகள் ஆகியோருக்கான கிராமத்தை இங்கே கட்டினார்கள். தற்காலிகக் கொட்டில்கள் போடவில்லை. பின்னர் மக்கள் வாழப்போகும் நிரந்தரக் கட்டடங்களையே கட்டி, விழா முடிந்ததும் உள்ளே மாற்றியமைத்து 2016 முதல் ஆட்களைக் குடியேற்றினார்கள். இப்பகுதிக்கு 'கனரி டிஸ்றிக்ற்' என்று பெயர். பிரன்ற் வீதியும் செரி வீதியும் சந்திக்கும் மூலையில் நெடுங்காலம் நடந்த கனரி என்ற உணவகத்தின் பெயர் அது. அது இருந்த பழைய செங்கல் கட்டடத்தை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

நான் அங்கே அடிக்கடி நடப்பேன். நடக்கக்கூடிய ஊர் என்று எதைச் சொல்கிறார்கள் என்பதை அங்கே காலால் உணரலாம். பிரன்ற் வீதியில் நடைபாதை, வாகனப் பாதையோடு போட்டி போடும் அளவுக்கு அகலம். மரங்களுக்கு நடைபாதையின் கீழே வேர் விட இடம் ஒதுக்கியிருப்பதால் அவை உண்மையாகவே நிழல் தருகின்றன. கட்டடங்களின் கீழ்த்தளத்தில் கடைகள். நீண்ட மதில்கள் இல்லை. வீதிகள் குறுகிய தூரத்தில் சந்திக்கின்றன. ஒரு வழி மூடினால் இன்னொரு வழி உண்டு. ஐந்து நிமிட நடைக்குள் பூங்கா, வை.எம்.சி.ஏ நிலையம், 1990இல் உற்பத்தி நின்ற பழைய வடிசாலை. அந்த வடிசாலையின் செங்கல் கட்டடங்கள் 2003 முதல் வாகனம் நுழையாத கடைத்தெருவாக இருக்கின்றன.

செரி வீதியின் ஓரமாக ஸ்றீற்காருக்குத் தனிப் பாதை இருக்கிறது. தண்டவாளத்தை ஆட்கள் குடியேறும் முன்பே போட்டுவிட்டார்கள். 2016 யூனில் சேவை தொடங்கியது. இது சிறிய விடயம் அல்ல. முதலில் ஆட்களைக் குடியேற்றி, பத்து வருடம் கழித்துப் போக்குவரத்தைக் கொண்டுவந்தால், அதற்குள் எல்லோரும் கார் வாங்கியிருப்பார்கள். ஸ்காபரோவில் வாழும் எங்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மேம்பாலங்களின் கீழே இருண்டு கிடந்த இடத்தைக்கூட விடவில்லை. 2012இல் அங்கே 'அண்டர்பாஸ் பார்க்' என்ற பூங்காவை அமைத்தார்கள். மழை பெய்தாலும் பிள்ளைகள் கூடைப்பந்து விளையாடுகிறார்கள்.

குறையும் இருக்கிறது. தெற்கே ரயில் பாதைகள் இன்றும் ஒரு மதில் போலத்தான். ஏரிக்குப் போக வேண்டுமென்றால் ஒடுக்கமான ஒரு சுரங்கப் பாதைக்குள்ளால் போக வேண்டும். கிழக்கே ஆற்றைத் தாண்டினால் நெடுஞ்சாலை. உள்ளே நடப்பது சுகம், வெளியே போவது அவ்வளவு சுகம் இல்லை.

யாருக்கு வீடு?

முழுத் திட்டத்தில் சுமார் 6,000 வீடுகள். அவற்றில் 20 சதவீதம், அதாவது 1,200 வரை, கட்டுப்படியான வாடகை வீடுகளாக இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே இலக்கு வைத்தார்கள். விளையாட்டுக் கிராமம் மாறியபோது 253 வீடுகள் அந்த வகையில் வந்தன. வீடற்றோருக்காக வேலை செய்யும் பிரெட் விக்ரர் அமைப்பும், ஆதிக்குடிகளின் வீடமைப்பு நிறுவனமான விக்வாமெனும் அவற்றை நிர்வகிக்கின்றன. ஒரு கல்லூரியின் 500 மாணவர்களுக்கான விடுதியும் வந்தது. மீதியில் பெரும்பகுதி சந்தை விலைக்கு விற்ற கொண்டோக்கள். அந்த விலை, நான் கோப்பை கழுவிய காலத்து மனிதர் எவராலும் கொடுக்கக்கூடியது அல்ல.

'கட்டுப்படியான' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். நீண்டகாலமாக ரொறன்ரோவில் அதன் பொருள், நகரத்தின் சராசரிச் சந்தை வாடகைக்கு மேற்படாத வாடகை என்பதே. சந்தை ஏற ஏற அதுவும் ஏறும். 2021இல்தான் மாநகரசபை குடும்ப வருமானத்தை அடிப்படையாக வைத்து அந்த வரைவிலக்கணத்தை மாற்றியது. ஒரு திட்ட அறிக்கையில் நல்ல சொல் இருந்தால் போதாது. அந்தச் சொல்லை யார், எதை வைத்து அளக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு சம்பவமும் இங்கே நடந்தது. கிழக்கு அவெனியூவில் மாகாண அரசுக்குச் சொந்தமான பழைய டொமினியன் வார்ப்பாலைக் கட்டடங்கள் இருந்தன. 2021 ஜனவரியில் ஒருநாள் இயந்திரங்கள் வந்து இடிக்கத் தொடங்கின. வீடு கட்டத்தான் என்றது அரசு. அயலவர்கள் பனியில் போய் வேலியருகே நின்றார்கள். குடியிருப்பாளர் சங்கம் நீதிமன்றம் போனது. இடிப்பு நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டிலேயே கட்டடங்களின் சில பகுதிகளைக் காக்கும் உடன்பாடு ஏற்பட்டது. அந்த மக்கள் வீடு கட்டுவதை எதிர்க்கவில்லை. தங்களைக் கேட்காமல் முடிவெடுத்ததைத்தான் எதிர்த்தார்கள்.

ஆற்றுக்குப் புதிய வாய்

ஆற்றின் கதை இன்னும் தெற்கே தொடர்கிறது. 1989இல் மாநகரசபை நியமித்த பொதுமக்கள் குழு ஒன்று, டொன்னுக்கு இயற்கையான கழிமுகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1991இல் அறிக்கை தந்தது. அப்போது அது கனவு போலத் தெரிந்திருக்கும். 2011இல் அதே துறைமுக நிலத்தில் பெரிய கடைத்தொகுதியும் இராட்டினமும் அமைக்கும் யோசனை ஒன்று வந்தபோது, மக்கள் திரண்டு எதிர்த்துப் பழைய திட்டத்தைக் காப்பாற்றினார்கள். 2017இல் மூன்று அரசுகளும் சேர்ந்து 1.25 பில்லியன் டொலர் ஒதுக்கின. மில்லியன் கனமீற்றருக்கும் கூடுதலான மண்ணைத் தோண்டி, வளைந்து ஓடும் ஒரு புதிய ஆற்றுப் பள்ளத்தாக்கை உருவாக்கினார்கள். 2024இல் ஆறு அதற்குள் பாய்ந்தது. 2025 யூலையில் அதன் கரையில் 'பீடாசிகே' பூங்கா திறக்கப்பட்டது. அங்கே உருவான தீவுக்கு ஆதிக்குடிகளின் மொழியில் 'ஊக்வேமின் மினிசிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்த குடியிருப்பு அதில்தான் எழப்போகிறது.

தோண்டிய காலத்தில் ஒரு விடயம் நடந்தது. பல மீற்றர் ஆழத்தில் பழைய சதுப்புநிலத்தின் மண் வெளியே தெரிந்தபோது, அதில் நூறு வருடமாகப் புதைந்து கிடந்த விதைகள் முளைத்தன. யாரும் நடாத கோரைகளும் சம்பும் தாமாக எழுந்தன. அந்தச் செய்தியைப் படித்த இரவு ஐயாவின் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தேன்.

எங்கள் காணிகளும் கேள்விகளும்

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் ஆரம்பிக்கப்பட்டு, 1990இல் யுத்தத்தோடு நின்றது. அதைச் சுற்றிச் சுண்ணக்கல் தோண்டிய பெரும் குழிகள் இருக்கின்றன. பரந்தனில் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் உற்பத்தி செய்த இரசாயனத் தொழிற்சாலைக் காணி இருக்கிறது. வாழைச்சேனையில் வாவிக்கு அருகே கடதாசி ஆலை. இவற்றுக்கு இன்று ஒரு திட்டம், நாளை ஒரு திட்டம் என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன.

ரொறன்ரோவைப் போல எங்களிடம் பில்லியன்கள் இல்லை. ஆனால் கேள்வி கேட்கப் பில்லியன்கள் தேவையில்லை.

மண்ணில் என்ன இருக்கிறது? சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். குடாநாட்டுக்குக் குடிநீர் சுண்ணக்கல்லுக்குள் இருந்துதான் வருகிறது. பரிசோதனை அறிக்கையை மக்கள் வாசிக்கக் கொடுக்காமல் எந்தத் திட்டமும் தொடங்கக்கூடாது.

மழைக்கு நீர் எந்த வழியால் போகும்? மேடு கட்டினால் அது யாருடைய முற்றத்துக்குத் திரும்பும்?

பொதுத் தேவை என்று யார் சொல்கிறார்கள்? 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டபோதும் அந்தச் சொல்தான் பயன்பட்டது. அற்றராதிரியில் எடுத்த நிலத்துக்கு விலையும் இழப்பீடும் கொடுத்தார்கள். அப்படியும் இருபது வருடம் வீணானது.

வீடு வந்தால் யாருக்கு? எத்தனை, என்ன வாடகை, எவ்வளவு காலத்துக்கு என்று முதல் கல் வைக்கும் முன்னரே எழுத்தில் இருக்க வேண்டும். அந்த மண்ணில் இருந்து எழும்பிப் போனவர்கள் அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறார்கள்?

ஐயா 2004இல் மானிப்பாயிலேயே காலமானார். ஊர்க்காணியைத் திரும்பப் பார்க்கவில்லை. அவருடைய கேள்விக்கு நான் அப்போது ஒழுங்காகப் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன்: ஓம் ஐயா, சண்டை இல்லாத ஊரிலும் காணி சும்மா கிடக்கும். இங்கே இருபது வருடம் கிடந்தது. மண்ணையும் நீரையும் முதலில் பார்த்த பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். கேட்காமல் இடிக்க வந்த அன்று, அயலவர்கள் வேலியருகே போய் நின்றார்கள்.